இரண்டு தாய்மாமன்கள், ஒரு கடிகாரம்

ஒரு 'டிக்' சத்தத்துக்காகக் கடல் தாண்டிப் போனவள் என்று கிள்ளானில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முப்பது வருடமாக மேடைகளுக்கு ஒலி அமைக்கிறேன். கல்யாணம், தைப்பூசம், தேர்தல் கூட்டம், சீனர்களின் பேய் மாதக் கூத்து என்று எதையும் விட்டுவைத்ததில்லை. என் ஒலிபெருக்கியில் ஒரு 'டிக்' கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

காதர் என்னிடம் பத்து வருடம் வேலை பார்த்தவன். உத்தமபாளையத்துக்காரன். போன வருடம், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கப்போகிறேன் என்று சொல்லி ஊருக்குப் போய், சேர்த்த காசையெல்லாம் போட்டு ஒரு சவுண்டு சர்வீஸ் ஆரம்பித்தான். அவன் போனபிறகு நாலு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவனுக்கும் ஒயரை ஒழுங்காகச் சுற்றத் தெரியவில்லை. ஒருவன் மைக்கை முத்தம் கொடுத்துச் சோதித்தான். அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் காதர் ஒருநாள் காணொளியில் அழைத்து, செல்போனை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டினான். யாரோ ஒருவர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். நடுநடுவே 'டிக்', 'டிக்'. இரண்டு மெஷின் இரண்டு கடிகாரத்தில் ஓடுகிறது, ஒன்றை நிறுத்து என்றேன்.

"தெரியும்க்கா. மாமன்மாரு சம்மதிக்க மாட்டேங்கறாக" என்றான்.

எந்த மெஷினுக்கு மாமன் என்று பேர் வைத்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அதே குடும்பத்தில் அடுத்த மாதம் காதணி விழா இருக்கிறதாம். அதிலும் இப்படியே ஆனால் ஊரில் ஒருவரும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள், கடையை மூடிவிட்டு உங்களோடேயே வந்துவிடுகிறேன் என்றான். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, அவனுக்கு உதவப் போகிறேனா, அவனைப் பிடித்துவரப் போகிறேனா என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் பேருந்தில் கழிந்தது. மதுரையிலிருந்து மேற்கே போகும் வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ரயிலில் மடியில் ஒரு முதலையை வைத்திருந்தாலும் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனைத்தான் பார்ப்பார். இங்கே ஆண்டிபட்டி வருவதற்குள் மூன்று பேருக்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டேன். நான்காவதாக, சேலை மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் என்ன இது என்றார். கடிகாரம் என்றேன். முள் எங்கே என்றார். இது மணி காட்டாது, மற்ற மெஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் காலெடுத்து வைக்கும்படி பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் மூன்று மருமகள்களுக்கும் சேர்த்து ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

தேனி தாண்டியதும் காற்று மாறியது. இருபக்கமும் மலை, நடுவே தென்னை, வாழை, பிறகு ஆள் உயரத்துக்குத் திராட்சைப் பந்தல்கள். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றபோது ஒருவர் சன்னல் வழியாகப் பன்னீர்த் திராட்சையைக் கொடுத்தார். கிள்ளானில் திராட்சை என்றால் விதையும் கிடையாது, வாசனையும் கிடையாது. இதில் இரண்டும் இருந்தன. விதையைத் துப்ப இடமில்லாமல் அரைக்கிலோவையும் விதையோடு முழுங்கினேன்.

காதரின் வீட்டில் அவன் மனைவி பர்வீன் நெய்ச்சோறும் தால்சாவும் செய்து வைத்திருந்தாள். அவர்களுடைய பையனுக்கு இரண்டு வயது. அப்பாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். காதர் கைகழுவப் போன நேரம் பார்த்துப் பர்வீன் என் தட்டில் மூன்றாம் கரண்டிச் சோற்றை வைத்தாள்.

"அவுகளைக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கீக?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

கடிகாரம் மாட்டத்தான் வந்தேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு துண்டு கறியையும் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அன்று இரவு எனக்குச் சரியாகச் சீரணமாகவில்லை. அதற்குத் திராட்சை விதையும் ஒரு காரணம்.

மறுநாள் கம்பத்தில் விழா நடக்கப்போகும் மண்டபத்துக்குப் போனோம். அங்கேதான் மாமன்மார் மெஷின்கள் அல்ல, மனிதர்கள் என்று தெரிந்துகொண்டேன். ஈஸ்வரி என்ற பெண்ணின் மூன்று வயது மகளுக்குக் காது குத்து. ஈஸ்வரிக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் செல்வேந்திரன், இளையவர் பால்பாண்டி. திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமின் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று வந்த சண்டையில் எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தால் ஊர் பேசும். போனால், தம்பி பிடித்த மைக்கை அண்ணன் பிடிக்கமாட்டார். அதனால் இருவரும் எந்த விசேஷத்துக்கும் சொந்த மைக், சொந்த மெஷின், சொந்த சவுண்டு சர்வீஸோடுதான் வருவார்கள். மூத்தவருக்கு ராசு என்பவர் சர்வீஸ். இளையவருக்குக் காதர். ராசுவும் காதரும் நல்ல சிநேகிதர்கள். ஒரே கடையில் டீ குடிப்பார்கள். முதலாளிகளுக்குத்தான் ஆகாது.

மேடையும் உள்மண்டபமும் ராசு பொறுப்பு. தெருப்பந்தலும் சாப்பாட்டுக்கூடமும் காதர் பொறுப்பு. யார் மைக்கில் பேசினாலும் எல்லா இடத்திலும் கேட்கவேண்டும் என்பதால் இரண்டு பேருடைய மிக்சர் மெஷினையும் ஓர் ஒயரில் இணைத்திருந்தார்கள். அங்கேதான் வினை.

எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மெஷின்கள் பேச்சை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் செங்கலாக அறுத்து ஒன்றுக்கொன்று வீசுகின்றன. கொடுக்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரே தாளத்தில் அசையவேண்டும். ஒருவர் மயிரிழை வேகமாகப் போனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு செங்கல் கீழே விழும். அதுதான் அந்த 'டிக்'. ஆகவே ஒரு மெஷின் தாளம் போடவேண்டும், இன்னொன்று அதைக் கேட்டு ஆடவேண்டும்.

விளக்கம் நன்றாகப் புரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

மூத்தவன் நான், என் ஆள் தாளம் போடட்டும் என்றார் செல்வேந்திரன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்தப்போகிறது, அந்த மரியாதை யாருக்கோ அவர் மெஷின்தான் முந்தி ஓடவேண்டும் என்றார் பால்பாண்டி. இரண்டு பேரும் கூடத்தின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, நடுவிலிருந்த ஈஸ்வரியிடம் சொன்னார்கள். அவள் திரும்பி மற்றவரிடம் சொன்னாள். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து கோபப்பட்டார்கள்.

காது குத்தும் வரை அண்ணன் தாளம், குத்தியபிறகு தம்பி தாளம் என்று ஒரு யோசனை வந்தது. மாற்றும்போது சத்தம் அறுந்துபோகும் என்றேன். அப்போதுதான் என் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன். தாளம் போடுவது மட்டுமே இதன் வேலை, உங்கள் மெஷின் இரண்டும் இதைத்தான் கேட்கும் என்றேன்.

"மேடம் யாரு பக்கம்?" என்றார் செல்வேந்திரன்.

யார் பக்கமும் இல்லை, கிள்ளான் என்றேன். அது எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டு, அந்தத் தூரம் போதும் என்று இருவரும் தனித்தனியாக ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு, ஒயர் முதலில் யாருக்குப் போய்விட்டு யாருக்கு வரும் என்று கேட்டார்கள். ஒருவர் வழியாக இன்னொருவருக்கு வராது, பெட்டியிலிருந்து ஆளுக்கொரு தனி ஒயர் என்றேன். பால்பாண்டி எழுந்துவந்து என் இரண்டு ஒயரையும் தூக்கிப் பார்த்தார். ஒன்று பத்து மீட்டர், ஒன்று முப்பது.

"அவுகளுக்குக் குட்டை, எங்களுக்கு நெட்டையா? அப்ப சேதி அவுகளுக்கு முந்திப் போயிரும்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. போகும்தான். கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு முந்தி, ஆனால் முந்தி. நடுவில் ஒரு கடிகாரம் வைத்து, ஆளுக்கொரு தனி ஒயராக, ஒரே நீளத்தில் இழுங்கள் என்று எங்கள் ஊர் விழாக் குழுக்களிடம் எத்தனை வருடம் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். வீண் செலவு என்பார்கள். இங்கே இரண்டு திராட்சை விவசாயிகள் சண்டை போட்டே அரைமணி நேரத்தில் அங்கே வந்துசேர்ந்துவிட்டார்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் ஒருமணி நேரம் ஆயிற்று. மேடையின் இடப்பக்கம் அண்ணனுக்கு நெருக்கம், வலப்பக்கம் தம்பிக்கு. கடைசியில் சமையல் சாமான் அறை என்று முடிவானது. சமையல்காரர் தேவாரம் என்ற ஊரிலிருந்து வந்தவர், சின்னச்சாமி என்று பேர், ஈஸ்வரியே நேராகப் பேசி அமர்த்தியவர், ஆகவே நடுநிலையானவர். கடிகாரத்தின் உள்ளே ஒரு சின்ன அடுப்பு உண்டு, அது ஒரு படிகத்தை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருப்பதால்தான் தாளம் பிசகாது என்று அவரிடம் சொன்னேன். சின்னச்சாமி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து அதைத் தன் ஆள்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், முனை பொருந்துகிறதா என்று பார்க்கப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, சம நீளத்தில் இரண்டு ஒயர் தேடிக் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூருக்குப் போனேன். டிவிக்குப் போகும் கேபிளே கடிகாரத்துக்கும் பொருந்தும். கூடலூரில் காதருக்குத் தெரிந்த ஒரு கேபிள்காரர் இருந்தார். இருபது மீட்டரில் இரண்டு அளந்து வெட்டிக்கொடுத்துவிட்டு, எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்டார். சேனல் வேண்டாம் என்றதும் முகம் சுண்டிவிட்டது. அவர் கடைப்படியிலேயே உட்கார்ந்து முனைகளைப் பொருத்தினேன். பக்கத்துக் கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். மலை தாண்டி வந்த சாப்பாடு. அந்தப் புட்டைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

வெளியே வந்தால் ஒரு ஜீப்காரர் ஏறுங்க ஏறுங்க என்று கூவிக்கொண்டிருந்தார். கம்பமா என்றேன். தலையை ஆட்டினார். இந்த ஊரில் தலையை எப்படி ஆட்டினால் ஆமாம், எப்படி ஆட்டினால் இல்லை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பதினொரு பெண்களுக்கு நடுவே செருகப்பட்டேன். ஒருவர் தூக்குவாளி என் மடியில், என் பெட்டி இன்னொருவர் மடியில். காது அடைத்தபோதுதான் வண்டி மலை ஏறுவது தெரிந்தது. இறங்கவேண்டும் என்றேன். வளைவில் நிறுத்தமுடியாது, குமுளியில் இறங்கிக்கொள் என்றார்கள். அதன்பிறகு வழி முழுக்க என்னை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மேலே சோதனைச்சாவடியில் ஒரு காவலர் என் பையைத் திறக்கச் சொன்னார். என்ன இது என்றார். கடிகாரமும் ஒயரும் என்றேன். ஒரு காவலரிடம் சொல்லக்கூடாத வார்த்தைகள் அவைதான் என்பது சொன்னபிறகுதான் உறைத்தது. ஜீப்பிலிருந்த பதினொரு பேரும் ஒரே சமயத்தில் இறங்கித் தள்ளி நின்றார்கள். காவலர் மணி என்ன என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். இது மணி காட்டாது என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அப்போது உள்ளே இருந்த இன்னொரு காவலர் எட்டிப் பார்த்து மலையாளத்தில் ஏதோ கேட்டார். இருவரும் பேசிக்கொண்டதை ஏலத்தோட்டப் பெண் ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். "அட, கம்பத்துல ரெண்டு மாமன்மாரு அடிச்சுக்கறாங்களே, அந்தக் கடிகார அம்மா இதுதான். என் சம்சாரத்தோட ஆளுகளுக்கும் பத்திரிகை வந்திருக்கு" என்றாராம். முதல் காவலர் என்னை வேறு மாதிரி பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், தமிழிலேயே, பிள்ளை யார் மடியில் உட்காரப்போகிறது என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார். டீ வாங்கிக்கொடுத்து, பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்றில் என்னைக் கம்பத்துக்கு அனுப்பிவைத்தார்கள். வழிநெடுக ஒரு பழம் என் தோளில் சாய்ந்தபடி வந்தது.

நான்காம் நாள் மதியம் ஒயர் இழுத்தோம். இரண்டு பக்கத்து ஆள்களும் டேப் வைத்து அளந்தார்கள். தம்பி ஒயரில் நாலு விரல் கூடுதல் என்று தெரிந்து, வெட்டி மறுபடி முனை பொருத்தினேன். பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். தாளம் கேட்கிறது என்பதற்கு அடையாளமாக ராசுவின் மிக்சரில் பச்சை விளக்கு. காதரின் மிக்சரில் பச்சை விளக்கு. மூன்று மணி நேரம் பேச்சும் நாதஸ்வரமும் மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கேட்டோம். ஒரு 'டிக்' இல்லை. காதர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கர்வமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இனி அவன் வரமாட்டான்.

மண்டபத்தில் வேறு யாருக்கும் சந்தோஷம் இல்லை. தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஈஸ்வரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"மேடம், பல்லி எங்க?" என்றாள்.

எந்தப் பல்லி என்று நான் கேட்க, ஆளாளுக்குச் சொன்னார்கள். போன மாதம் பால்பாண்டி வீட்டுப் புதுமனை விழாவில் ஒலிபெருக்கிக்குள் ஒரு பல்லி இருந்ததாம். வேறு வழியில்லாமல் செல்வேந்திரன் மைக்கில், தம்பிக்கு நல்ல மனசு என்று சொன்னபோது 'டிக்' என்றதாம். கூட்டம் மொத்தமும் விரலால் தரையைத் தட்டியது. கட்டட மேஸ்திரி எழுந்து, சுத்தமான சிமெண்டில் கட்டியிருக்கிறேன் என்றபோது சத்தமே இல்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சுவரில் விரிசல். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் பேச்சே இதுதான். உண்மையைச் சொன்னால் மட்டும் பேசும் பல்லி. அதைக் கேட்கத்தான் இந்தக் காதுகுத்துக்கு இவ்வளவு கூட்டம் வரப்போகிறது.

காதர் செல்போனை நீட்டியபோது நான் கேட்டது அந்தப் பல்லியைத்தான். காதருக்கும் விஷயம் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொல்லவில்லை. பல்லி பேசாவிட்டால் அபசகுனம் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டு மெஷினைக் கொண்டுவந்து காதர் பல்லியின் வாயைக் கட்டிவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். பிள்ளை விஷயம், விளையாட்டு இல்லை என்றார் மூன்றாமவர். அண்ணனும் தம்பியும் எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரே கருத்தில் இருந்தார்கள்.

ராசு கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டால் பல்லி தானே வந்துவிடுமே என்றார். காதர் மறுத்துவிட்டான்.

"தப்பா வர்ற சத்தத்த நல்ல சத்தம்னு நான் விக்க மாட்டேண்ணே. அக்கா எனக்கு அத சொல்லித்தரல" என்றான்.

அவன் முகம் வாடிப்போயிருந்தது. அடுத்த மாத முகூர்த்தங்களுக்கு சர்வீஸ் பார்க்க வந்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். நாளைக்கும் கூட்டம் இப்படியே முகம் சுளித்தால் உங்களோடு வந்துவிடுகிறேன்க்கா என்று திரும்பிப் போகும்போது சொன்னான். இந்த முறை அவன் குரலில் உறுதி இருந்தது. நான் வந்த காரியம் பழமாக முடிந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் தாய்மாமன் சீர் ஊர்வலம் வந்தது. இரண்டு ஊர்வலம், இரண்டு மேளம், இரண்டு ஆட்டுக்கிடா. நான் சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். கடிகாரத்துக்குச் சின்னச்சாமி சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தார். காற்றுத் துளையை மறைக்காமல் சுற்றியிருந்தார். இங்கிதம் தெரிந்த மனிதர்.

மைக்கில் சீர்த்தட்டுகளை வாசித்தார்கள். வழக்கமாக மூச்சுவிடாமல் வாசித்து முடிப்பார்களாம். அன்று ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு நிறுத்தி, மேலே பார்த்துவிட்டு, அடுத்ததுக்குப் போனார்கள். மாம்பழத்தட்டுக்குப் பல்லி பேசவில்லை. பட்டுப்பாவாடைக்குப் பேசவில்லை. மூத்த மாமன், இந்தப் பிள்ளை நூறு வயசு வாழவேண்டும் என்று சொல்லிவிட்டு நிறைய நேரம் நின்றார். ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியதாகச் சின்னச்சாமி வந்து சொன்னார். பிள்ளையை இளைய மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அந்தக் குழந்தையின் வீறல் மண்டபத்திலும் தெருவிலும் சாப்பாட்டுக்கூடத்திலும் ஒரே கணத்தில், ஒரு தூசி துரும்பு இல்லாமல் கேட்டது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான சத்தத்தைக் கொடுத்ததில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னும் பல்லி பேசலையே என்றுதான் எல்லா வாயிலும் பேச்சு.

என் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் ஒயர் இருந்தது. சீர் வாசிக்கும்போதே பிடுங்கியிருக்கலாம். மூத்த மாமன் நூறு வயசு என்று சொன்னபோதாவது பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. முப்பது வருடப் பிடிவாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. இப்படியே சத்தமில்லாமல் முடிந்தால் காதர் என்னோடு வந்துவிடுவான் என்பது மீதிப் பாதி.

கடைசியாக நன்றி சொல்லப் பால்பாண்டி மைக்கைப் பிடித்தார். பந்தல்காரர், மேளக்காரர், சமையல்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் பாதி எழுந்து பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"காதர் பாயி மேல இன்னைக்கு நம்ம ஆளுகளுக்கு மனத்தாங்கல். எனக்கும்தான். ஆனா பிள்ளை அழுதது தெருவுல நின்ன எங்க அப்பனுக்கும் கேட்டுச்சு. அந்த மனுசனுக்குக் காது கேட்டு அஞ்சு வருசமாச்சு. காதரு வெளிநாடு போகாம இங்கனயே இருக்கணும். நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் அவருதான் மைக் வைக்கணும். நான் சொல்றது நியாயமா இல்லையா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

நகர்ந்தவர்கள் நின்றார்கள். அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல்லிக்குக் காத்திருக்கும் அமைதி.

சாமான் அறைக் கதவு வழியாகச் சாப்பாட்டுக்கூடம் தெரியும். முதல் பந்தியில் பர்வீன் பையனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையனுக்கு ஊட்ட எடுத்த கை அப்படியே நின்றது. அவள் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.

ராசுவுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். 'டிக்' என்றது. உடனே சொருகினேன். 'டிக் டிக்' என்றது.

தரையை விரல்கள் தட்டும் சத்தம் மண்டபத்திலிருந்து மழைபோல வந்தது. சொல்லிருச்சு, சொல்லிருச்சு என்று ஆயிரம் குரல். யாரோ குலவை போட்டார்கள். என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சின்னச்சாமி, என் கையையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரும் குனிந்து தரையில் மூன்று தட்டுத் தட்டினார். "சொல்லிருச்சு ஆத்தா" என்றார் என்னிடம்.

கூடத்தில் பர்வீன் பையனின் வாயில் சோற்றை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் காதர் சாமான் அறை வாசலில் வந்து நின்றான். அவனை அடுத்த முகூர்த்தத்துக்குப் பேச நாலு பேர் வெளியே காத்திருந்தார்கள். அவன் ஒயர் முனையைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது.

"ராசண்ணன் மிக்சர்ல ஒரு நொடி பச்சை விளக்குப் போயிருச்சுக்கா" என்றான்.

ஒயர் லூசாக இருந்தது, சரிபண்ணிவிட்டேன் என்றேன்.

"பத்து வருசத்துல நீங்க ஒரு ஒயரக்கூட லூசா விட்டதில்லையேக்கா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் சின்னச்சாமியிடம் திரும்பி, பாயசம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.